தாமிரபரணி 2023: மாடல் சொல்லும் கனஅடியை எவ்வளவு நம்பலாம்?

மருதூர்க்காரன்:
எங்கள் பாசன சங்கத்துக்கு ஓர் ஆய்வறிக்கை வந்திருக்கிறது. செய்தவர்கள் யார் என்பது இங்கே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் உச்சமாக வினாடிக்கு எத்தனை கனஅடி தண்ணீர் போனது, எங்கள் குளத்துக்குள் எவ்வளவு வந்தது, மறுகாலை (குளம் நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிந்து போகும் இடம்) இனி எத்தனை அடி அகலப்படுத்த வேண்டும் என்றெல்லாம் கணினி மாடல் ஓட்டிச் சொல்லியிருக்கிறார்கள். படித்ததும் எனக்கு உறுத்தியது ஒன்றுதான். உச்ச வெள்ளத்தின் எண் நூறு, பத்து, ஒன்று வரைக்கும் சில்லறையோடு நிற்கிறது. அன்று ராத்திரி கரண்ட் இல்லை, போன் இல்லை, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சென்னை ரயிலே போக வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தது, ஆற்றுப்பக்கம் போக ஒரு ஆள் கிடையாது. ஒற்றைக் கனஅடி வரைக்கும் யார் எண்ணினார்கள்? கிண்டலுக்குக் கேட்கவில்லை. இதை நம்பி மறுகாலை இடித்துக் கட்டினால் சங்கத்துக் காசு போகும், நம்பாமல் விட்டு அடுத்த முறை கரை போனால் வயல் போகும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஓவர்சியர்:
அண்ணாச்சி, ஆற்றில் ஓடும் கனஅடியை யாரும் நேராக அளப்பதில்லை. அளப்பது தண்ணீர் நிற்கும் உயரத்தைத்தான். பாலத்தூணிலோ கரையிலோ அளவுகோல் பதித்திருக்கும், போய்ப் பார்த்து நோட்டில் எழுதுவோம், இப்போது பல இடத்தில் சென்சார் பார்க்கிறது. இந்த உயரத்துக்கு இவ்வளவு கனஅடி என்று சொல்ல ஒரு வளைகோடு வைத்திருப்போம், ரேட்டிங் கர்வ் என்பார்கள். அந்தக் கோட்டைப் போட அவ்வப்போது கரண்ட் மீட்டரை (நீரோட்டத்தின் வேகத்தை அளக்கும் கருவி) ஆற்றில் இறக்கி வேகத்தைப் பிடித்து, குறுக்குவெட்டுப் பரப்போடு பெருக்க வேண்டும். சாதாரண வரத்துக்கு இது நன்றாகவே வேலை செய்யும். மரமும் கூரையும் மிதந்து வருகிற வெள்ளத்தில் மீட்டரை எவன் இறக்குவான்? அதனால் அளந்த உயரம் வரைதான் கோடு, அதற்கு மேலே நாமே நீட்டிக்கொள்வது.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்று கேட்டால், நான்கு மீட்டர் ஆழம் வரை அளந்து வைத்திருக்கிறோம், வெள்ளம் எட்டு மீட்டருக்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். வளைகோட்டின் அடுக்கு, அதாவது உயரத்தின் எத்தனையாவது அடுக்கில் தண்ணீர் கூடும் என்பது, 1.6 என்று எடுத்தால் தண்ணீர் மூன்று மடங்கு. 2 என்று எடுத்தால் நான்கு மடங்கு. கீழே அளந்த புள்ளிகள் கொஞ்சம் சிதறிக் கிடந்தால் இரண்டு கோட்டுமேலும் ஏறக்குறைய உட்கார்ந்துவிடும், எது சரி என்று அந்தப் புள்ளிகளை வைத்துச் சொல்ல முடியாது. இதற்கு மேல் படுகை வேறு மாறுகிறது. தாமிரபரணியில் மணல் அள்ள 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போடுவதற்குள் எவ்வளவோ மணல் போய்விட்டது. படுகை இறங்கினால் அளவுகோலில் அதே உயரத்துக்கு வேறு கனஅடி. கரை தாண்டி வாழைக்குள் புகுந்து போன தண்ணீரோ எந்த அளவுகோலிலும் ஏறவே ஏறாது.

அதாவது மாடல் சரியா என்று எந்த எண்ணோடு ஒப்பிட்டார்களோ அந்த எண்ணே பாதி கணக்குதான்.

சிற்றாறு:
சரி, அப்படியானால் அறிக்கையை மடித்து வைத்துவிடலாம் என்கிறீர்களா சார்? எனக்கு இந்த விஷயத்தில் பொறுமை போய்விட்டது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அப்புறம் ஒரு மாடல், ஒரு கலர் மேப், ஒரு பிரசன்டேஷன். வெள்ளத்துக்கு முன்னால் சொன்னால் உபயோகம். நடந்து முடிந்ததை நடந்த மாதிரியே கணினியில் வரவைப்பது பெரிய வித்தையா? டேட்டாவை வைத்து திருகிக்கொண்டே போனால் எதையும் பொருத்திவிடலாம், நான் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறவன், எனக்குத் தெரியும்.

நீரோட்டம்:
திருகினால் பொருந்திவிடும் என்பது சரிதான், பிரச்சினையே அதுதான். நான் இந்த வேலையில் இருக்கிறவள், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மழை. 18ஆம் தேதி காலை எட்டரை மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. எல்லோரும் 95ஐப் பார்த்து வாயைப் பிளந்தோம். மாடல் போடுகிறவருக்கு அதைவிட முக்கியம் காயல்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில் இருக்கிற 26 செ.மீ. வித்தியாசம். இரண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்து ஊர். இடையில் இருக்கிற இடத்தில் எவ்வளவு பெய்தது? பத்துக்குப் பத்து கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரு மழைமானியை நம்பினால் ஒரு எண், இன்னொன்றை நம்பினால் வேறு எண். அந்த ஒரு சதுரத்துக்குள் மட்டும் வரும் வித்தியாசம் சுமார் 900 மில்லியன் கன அடி. பாபநாசம் அணையின் கொள்ளளவு 5,500, அதில் ஆறில் ஒரு பங்கு. அதோடு காயல்பட்டினம் இருப்பது கடலோரத்தில். அங்கே பெய்தது மேலே மருதூர் அணைக்கட்டைத் தாண்டிப் போன தண்ணீரில் ஒரு சொட்டுகூடக் கிடையாது. அந்த 95ஐ எடுத்து ஆற்றுப்படுகை முழுக்கப் பரப்பிவிட்டு ‘ஆயிரம் ஆண்டில் ஒரு வெள்ளம்’ என்று எழுதினால் அது கதை.

மலைப்பக்கம் இன்னும் மோசம். மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கு மாதிரி எஸ்டேட் மானிகள் இருப்பதால் ஏதோ தெரிகிறது, ஒரு முகட்டுக்கு இந்தப்பக்கம் கொட்டும், அந்தப்பக்கம் தூறும், நடுவில் மானியே இல்லாத பள்ளத்தாக்குகள் எத்தனையோ.

பழைய ஓவர்சியர்:
மேடம் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 200 சதுர செ.மீ. வாயும் 10 லிட்டர் பாட்டிலும் உள்ள சாதாரண மானி 50 செ.மீ. மழையில் கழுத்து வரை நிறைந்துவிடும். நடுராத்திரி ஒருவர் டார்ச்சோடு போய் அளந்து கொட்டிவிட்டு மறுபடி வைத்தால்தான் மீதி கணக்கில் வரும். தானியங்கி மானியோ சின்னத் தராசு மாதிரி சாய்ந்து சாய்ந்து எண்ணுவது, பேய்மழையில் சாய்கிற நேரத்துக்குள் விழும் தண்ணீரை அது விட்டுவிடும், அதனால் குறைத்தே காட்டும். கடற்காற்று அடித்தால் துளி வாய்க்குள் விழாமல் பறந்துபோவது தனி.

சிற்றாறு:
டேட்டா மோசம், ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்டது மாடலைப் பற்றி.

நீரோட்டம்:
வருகிறேன். மாடல் நன்றாகப் பொருந்துகிறதா என்று பார்க்க எல்லோரும் ஓட்டுவது நாஷ்–சட்கிளிஃப் எண், 1970இல் வந்தது. 1 என்றால் அச்சு அசல், 0 என்றால் சும்மா சராசரியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று அர்த்தம். அறிக்கையில் 0.8 என்று பார்த்தால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். அங்கேதான் சிக்கல். மண் எவ்வளவு குடிக்கும், நிலத்தடிக்கு எவ்வளவு போகும், ஆற்றின் சொரசொரப்பு எவ்வளவு என்று ஏழெட்டு எண்களை மாற்றிப் பாருங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல கூட்டணிகள் ஏறக்குறைய அதே மதிப்பெண்ணை வாங்கும். ஒரு கூட்டணி ‘மண் நிறையக் குடித்தது, குடித்ததைச் சீக்கிரம் விட்டுவிட்டது’ என்கிறது. இன்னொன்று ‘மண் குடிக்கவே இல்லை, ஆறு மெதுவாகக் கடத்தியது’ என்கிறது. பழைய வெள்ளத்துக்கு இரண்டும் ஒரே வரைபடம். இதுவரை பார்க்காத மழையைக் கொடுத்தால்தான் இரண்டும் பிரிந்து போகும், அதுவும் நமக்குப் பதில் தேவைப்படுகிற அந்த உச்சியில்.

இங்கிலாந்தில் நீரியல் ஆய்வாளர்கள் கீத் பெவனும் ஆண்ட்ரூ பின்லியும் 1992இல் சொன்ன வழி இதற்குத்தான். ஒன்றைத் தேர்ந்தெடுக்காதே, தேறுகிற எல்லாக் கூட்டணியையும் வைத்துக்கொள், எல்லாவற்றையும் ஓட்டு, விடையை ஒரு பட்டையாக, குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு என்று கொடு. ‘தேறுகிறது’ என்பதற்குக் கோட்டை எங்கே போடுவது என்று புள்ளியியல்காரர்கள் இன்றுவரை அவர்களோடு மல்லுக்கு நிற்கிறார்கள், அந்தச் சண்டையில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பட்டை வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. மருதூர்க்காரன் கையில் இருக்கும் அறிக்கையில் சில்லறையோடு ஒற்றை எண் இருக்கிறது என்றால் அது பட்டையிலிருந்து உருவிய ஒரு நூல்.

தென்கால் பாசனம்:
நூல், பட்டை எல்லாம் சரி. எங்கள் ஊரில் வெள்ளம் ஆற்றிலிருந்து வரவில்லை. மேலேயுள்ள குளம் உடைந்து வந்தது. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு, அதன் மறுகால் அடுத்ததற்கு என்று கோத்துவிட்ட ஊர் இது. முதல் குளம் உடைந்தால் இரண்டாவது குளத்துக்கு மழைத்தண்ணீர் வராது, குளமே வரும். உங்கள் மாடலில் இது இருக்கிறதா?

நீரோட்டம்:
பெரும்பாலும் இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. பல மாடல்களில் சின்னக் குளங்களை எல்லாம் கூட்டி ஒரே தொட்டியாக வைத்துவிடுவார்கள், அல்லது அடியோடு விட்டுவிடுவார்கள். உடைப்பைச் சேர்க்க வேண்டும் என்றால் எந்தக் கரை, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு அகலம் என்று வேண்டும். அது மண்ணின் குணத்தையும் எலி வளையையும் சீமைக்கருவேல வேரையும் யார் மணல் மூட்டை போட்டார்கள் என்பதையும் பொறுத்தது. எந்தச் சமன்பாட்டிலிருந்தும் வராது. ஆகவே இது எண்ணைத் திருகித் தீர்க்கக்கூடிய நிச்சயமின்மை இல்லை. மாடலின் அமைப்பிலேயே ஓட்டை.

சிற்றாறு:
குளத்தை விடுங்கள், அணையைத் திறந்ததால்தான் வெள்ளம் என்று நெல்லையில் பாதிப்பேர் சொல்கிறார்கள். அதற்காவது மாடலிடம் பதில் உண்டா?

பழைய ஓவர்சியர்:
பாபநாசமும் சேர்வலாறும் மணிமுத்தாறும் மலைத்தண்ணீரைத்தான் பிடிக்கும் தம்பி. பச்சையாறு, கடனாநதி, சீவலப்பேரிக்குப் பக்கத்தில் வந்து சேருகிற உங்கள் சிற்றாறு, அப்புறம் சமவெளி முழுக்கக் கொட்டியது, இதெல்லாம் பெரிய அணைகளுக்குக் கீழே ஆற்றுக்குள் வருவது. கடனாநதியிலும் பச்சையாற்றிலும் அணை உண்டு, ஆனால் சிறியவை. அணையின் பங்கு எவ்வளவு, சமவெளியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத்தான் மாடல் உதவும். பங்கு 30 சதவீதமா 40 சதவீதமா என்பதில் சண்டை வரலாம், 90 இல்லை என்று அடித்துச் சொல்லிவிடலாம் என்றால் அதுவே பெரிய பதில். என் எண்களை மேற்கோள் காட்டாதீர்கள், உதாரணத்துக்குச் சொன்னது.

சென்னையில் 2015இல் இதே சண்டைதானே. செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கனஅடி வரை திறந்தார்கள், சிஏஜி அறிக்கை அணையை இயக்கிய விதத்தைக் குறை சொன்னது. அதே நேரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ., முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்துத் தண்ணீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குள் வராமலே நேராக அடையாற்றுக்குப் போகிறது. திறந்தது தப்பா இல்லையா என்பது ஒரு கேள்வி. திறக்காமல் இருந்தால் சைதாப்பேட்டையில் தண்ணீர் எத்தனை அடி குறைந்திருக்கும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விதிப்புத்தகம் போதும். இரண்டாவதுக்கு மாடல் வேண்டும், மாடல் பட்டையாகத்தான் பேசும்.

நீரோட்டம்:
இதற்கு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2011 ஜனவரியில் பிரிஸ்பேன் மூழ்கியது. வைவன்ஹோ அணையை இயக்கிய பொறியாளர்கள் மழை முன்னறிவிப்பை நம்பி முன்கூட்டியே திறந்திருக்க வேண்டுமா, தரையில் விழுந்த மழையை மட்டும் பார்த்தது சரியா என்று வழக்கு. 2019இல் சிட்னியில் நீதிமன்றம் கவனக்குறைவு என்றது. 2021இல் மேல்முறையீட்டில் அணையை இயக்கிய நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு மாறியது. வெள்ளம் வந்து பத்து வருடம் ஆகியும் இப்படி. முன்னறிவிப்பை நம்பித் திறந்து மழை வராமல் போயிருந்தால் ஏன் காலி செய்தாய் என்று வேறு வழக்கு வந்திருக்கும்.

சிற்றாறு:
அதுதான் நானும் சொல்கிறேன். கலெக்டர் கேட்பது எத்தனை கனஅடி, எத்தனை மணிக்கு என்று. நீங்கள் போய் ‘இதிலிருந்து இதற்குள்’ என்றால் அவர் ஊரைக் காலி செய்யச் சொல்வாரா, மாட்டாரா? பட்டை கொடுப்பது உங்கள் பக்கம் பழி வராமல் பார்த்துக்கொள்கிற தந்திரம் மாதிரி எனக்குப் படுகிறது.

நீரோட்டம்:
ஒற்றை எண் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1997 ஏப்ரலில் அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊர் இருக்கிறது. பனி உருகி ரெட் ரிவர் பெருகியபோது 49 அடி என்று முன்னறிவித்தார்கள். ஊர்க்காரர்கள் அந்த 49ஐ நம்பி, கொஞ்சம் கூடுதலாக உயரம் வைத்துக் கரையை ஏற்றினார்கள். தண்ணீர் 54 அடியைத் தாண்டியது, ஊர் மூழ்கியது. முன்னறிவிப்பு மகா மோசம் என்று சொல்லிவிட முடியாது, அந்த ஆற்றில் அவ்வளவு பிழை வரும் என்று சொன்னவர்களுக்கே தெரிந்திருக்கக்கூடியதுதான். ஊருக்குப் போனது எண் மட்டும், பிழையின் அளவு போகவில்லை. ஐந்தடி முன்னே பின்னே ஆகலாம் என்று சொல்லியிருந்தால் இன்னும் மூட்டை அடுக்கியிருப்பார்கள், அல்லது முன்கூட்டியே கிளம்பியிருப்பார்கள்.

கலெக்டருக்குப் பட்டையைக் கொடுக்க வேண்டியதில்லை. ‘இந்தப் பாலம் மூழ்க எவ்வளவு வாய்ப்பு’ என்று கொடுங்கள். ஐரோப்பிய வானிலை மையம் ஒரே மழையை 51 விதமாக ஓட்டிப் பார்க்கிறது. அந்த 51 ஓட்டத்தில் 20இல் தண்ணீர் பாலத்தைத் தாண்டினால் அவர் முடிவு எடுத்துவிடுவார், ஐஏஎஸ் எழுதித் தேறியவருக்கு இது புரியாது என்று நாம் ஏன் நினைக்க வேண்டும்?

கானல்வரி:
குறுக்கே வருகிறேன். வெள்ளம் வந்தால்தான் எல்லோரும் மாடலைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் இருப்பது வறண்ட பக்கம். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. அந்த மாதிரி வருஷத்துக்கு இந்த மாடல்கள் எப்படி?

நீரோட்டம்:
வறட்சிக்கு இன்னும் மோசம், ஆனால் காரணம் நேர்மாறு. இதை ஒரு கணக்காகவே காட்டிவிடலாம். பெய்த மழையில் எவ்வளவு ஓடி வரும் என்று கணக்குப் போட கர்வ் நம்பர் என்று ஒரு பழைய அமெரிக்க முறை உண்டு, நம் ஊர் அறிக்கைகளில் பாதி இதில்தான் ஓடுகிறது. மண்ணின் குணத்துக்கு 75 போடலாமா 85 போடலாமா என்று சந்தேகம் என்று வையுங்கள். ஸ்ரீவைகுண்டத்து 618 மி.மீ. மழையைக் கொடுத்தால் 75க்கு 527 மி.மீ. ஓடி வரும், 85க்கு 567. ஏழெட்டு சதவீதம்தான் வித்தியாசம், மண் என்ன குடித்தாலும் நிறைந்துவிட்டது. அதே சூத்திரத்தில் 60 மி.மீ. மழையைக் கொடுங்கள். 75க்கு 14.5, 85க்கு 27. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

ஆகவே பெருவெள்ளத்தில் மழையை எவ்வளவு சரியாகத் தெரிந்துகொண்டோம் என்பதுதான் எல்லாம், மண்ணைப் பற்றிய சண்டை வீண். வறண்ட வருஷத்தில் மழை ஓரளவு தெரியும், மண்ணும் நிலத்தடி நீரும்தான் தெரியாது. போதாததற்கு நாஷ்–சட்கிளிஃப் பிழையை இருமடி ஆக்குவதால் பெரிய வெள்ளத்துக்கே மார்க் போடும், கோடையில் ஆறு நூலாக ஓடுவதைப் பத்து மடங்கு தப்பாகச் சொன்னாலும் மதிப்பெண் பெரிதாகக் குறையாது. வெள்ளத்துக்குத் தயாரித்த மாடலை அப்படியே எடுத்துப்போய் வறட்சிக்கு ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

கானல்வரி:
போர்வெல்?

நீரோட்டம்:
எத்தனை ஓடுகிறது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது, யாருக்கும் தெரியாது. இலவச மின்சாரத்துக்கு மீட்டரே இல்லாத இடத்தில் இறைத்த தண்ணீரைக் கணக்கில் எப்படி வைப்பது? செயற்கைக்கோளில் பயிர்ப் பரப்பைப் பார்த்து ஊகிக்கிறோம். மாடலில் ‘நிலத்தடி இழப்பு’ என்று ஒரு பெட்டி இருக்கும், கணக்கு இடிக்கிற எல்லாத் தப்பும் அங்கே போய் ஒளிந்துகொள்ளும்.

மருதூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நிறையப் புரிந்தது, பயமும் வந்தது. ஆனால் கூட்டம் அடுத்த வாரம். மறுகாலை என்ன செய்யச் சொல்ல?

பழைய ஓவர்சியர்:
அறிக்கையைத் தூக்கிப்போட வேண்டாம். செய்தவர்களிடம் குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். தர மாட்டோம் என்றால் எந்த மானி, எந்த வளைகோடு என்றாவது கேளுங்கள், அதிலேயே பாதி வந்துவிடும். அப்புறம் அகலத்தை மட்டும் பார்க்காதீர்கள். மறுகால் மேல் ஓடும் தண்ணீர் உயரத்தின் ஒன்றரை அடுக்கில் கூடும். மூன்று அடி உயரம் ஓடுவதற்குப் பதில் நான்கு அடி ஓடக் கரை தாங்கினால் தண்ணீர் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். அதாவது கரையை ஒரு அடி ஏற்றி, கல் பதித்து, வேரைப் பிடுங்கிச் சரியாகக் கெட்டித்தால் மாடலின் பிழையில் பெரிய பங்கை அதுவே தாங்கும். மறுகாலை இடித்துக் கட்டுவதைவிடச் செலவு குறையத்தான் வாய்ப்பு. ஆனால் கரையை ஏற்றினால் தண்ணீர் பின்னால் எந்த வயலில் ஏறும் என்று பார்க்காமல் செய்யாதீர்கள், மேலேயுள்ள ஊர்க்காரர்கள் சும்மா விட மாட்டார்கள்.

அதைவிட முக்கியம், மறுகாலுக்குக் கீழே ஓடை எவ்வளவு அகலம்? ரோட்டுக்கு அடியில் குழாய்ப்பாலம் சின்னதாக இருந்தால் மறுகாலை எவ்வளவு அகலமாக்கினாலும் தண்ணீர் அங்கே முட்டித் திரும்பும். அப்போது உங்கள் மறுகால் அகலத்துக்கும் மாடல் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

மருதூர்க்காரன்:
குழாய்ப்பாலம்தான் இருக்கிறது. மூன்று குழாய். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சிற்றாறு:
இதற்கு மாடலே வேண்டாம் போலிருக்கிறதே.

நீரோட்டம்:
மூன்று குழாயை நான்காக்கினால் கீழ்த்தெரு வீடுகளுக்கு எத்தனை அடி ஏறும் என்று கேட்டால் வேண்டும்.

மருதூர்க்காரன், ஓர் உதவி. ஊரில் 18ஆம் தேதி தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரில் கறை, கோயில் படி, ரேஷன் கடை ஷட்டர் எதிலாவது அடையாளம் இருந்தால் போட்டோ எடுத்து இடத்தோடு அனுப்ப முடியுமா? மேலேயுள்ள குளங்கள் எத்தனை மணிக்கு உடைந்தன என்பதும் தெரிந்தால் நல்லது. ரேட்டிங் கர்வ் நீட்டிய எண்ணைவிட அந்தப் படிக்கட்டை நான் அதிகம் நம்புவேன்.

மருதூர்க்காரன்:
ரேஷன் கடை ஷட்டரில் கறை இன்னும் இருக்கிறது, டீக்கடை பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர் தூணில் ஒருவர் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார். ஆனால் குளம் உடைந்த நேரம் சிக்கல் மேடம். ஒருவர் பதினொரு மணி என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் விடியற்காலை மூன்று என்று சத்தியம் பண்ணுகிறார்.

நீரோட்டம்:
இரண்டையும் எழுதுங்கள், சொன்னவர் எங்கே நின்று பார்த்தார் என்பதோடு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டாம்.

தென்கால் பாசனம்:
எங்கள் ஊர்ப் பக்கம் உள்ளதை நான் சேகரித்துத் தருகிறேன். மூன்று மணி சொல்கிற ஆளை எனக்கும் தெரியும்.